பிளாக் ஃப்ரைடே: அந்தப் பெயரை வைத்தது யார்?

நியூஜெர்சியில் புடவைக் கடை நடத்தும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "நவம்பர் தள்ளுபடிக்கு பிளாக் ஃப்ரைடே என்று போஸ்டர் அடித்துவிட்டோம். அந்தக் காலத்தில் அன்றைக்குத்தான் அடிமைகளை மலிவு விலைக்கு விற்றார்கள், பெயரே அதனால்தான் வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. மனசு கேட்கவில்லை. போஸ்டரை மாற்றிவிடட்டுமா?"

அந்தச் செய்திக்காக மாற்ற வேண்டாம்; அது பொய். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-ல். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை வரும் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) பண்டிகைக்கு மறுநாளை இந்தப் பெயரால் குறித்த எழுத்து நமக்குக் கிடைப்பது 1951-ல். நடுவில் எண்பது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. மனிதர்களை ஏலம் விட்ட கொடுமை உண்மையாகவே நடந்தது. அதைச் சொல்ல உண்மையே போதும், கட்டுக்கதை தேவையில்லை.

அந்த 1951 குறிப்பு, தொழிற்சாலை நிர்வாகிகளுக்கான ஓர் இதழில் வந்தது. வியாழன் விடுமுறை, சனி ஞாயிறும் விடுமுறை. நடுவில் நிற்கும் வெள்ளிக்கிழமை மட்டும் தொழிலாளர்களுக்கு 'உடம்பு சரியில்லாமல்' போய்விடும்! முதலாளிகளுக்கு அது கறுப்பு நாள்.

ஆனால் பெயர் கடைத்தெருவோடு ஒட்டிக்கொண்டது பிலடெல்ஃபியாவில். 1950-களிலும் 60-களிலும் அந்த வெள்ளியன்று கிறிஸ்துமஸ் சாமான் வாங்கப் புறநகர்க் கூட்டம் மொத்தமும் நகரத்துக்குள் இறங்கும். பல ஆண்டுகளில் சனிக்கிழமை ராணுவ, கடற்படை அணிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் வேறு. அதற்கு வருகிறவர்களும் சேர, தெருவில் கார் நகராது. போலீஸ்காரர்களுக்கு லீவு கிடையாது, 12 மணி நேர டியூட்டி. நொந்துபோய் அவர்கள்தான் அந்த நாளை பிளாக் ஃப்ரைடே என்றார்கள். கடைக்காரர்களுக்கு அந்தப் பெயரே ஆகவில்லை. பயந்து ஜனங்கள் வராமல் போய்விட்டால்? 1961-ல் 'பிக் ஃப்ரைடே' என்று மாற்றிக் கூப்பிட வைக்கப் பார்த்தார்கள். ஊர் கேட்கவில்லை.

சரி, சிவப்பு மையில் எழுதிய நஷ்டக் கணக்கு அன்றைக்குக் கறுப்பு மை லாபமாக மாறும் என்கிறார்களே? அந்த விளக்கம் 1980-களின் தொடக்கத்தில்தான் பத்திரிகைகளில் தலைகாட்டுகிறது. பெயர் புழக்கத்துக்கு வந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, அதற்கு நல்ல அர்த்தம் சொல்லக் கிளம்பிய கதை அது. போஸ்டரில் அதை 'வரலாறு' என்று போட்டிருந்தால், அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

தேதிக்குப் பின்னாலும் வியாபாரம் இருக்கிறது. முன்பு நன்றி நவிலல், நவம்பரின் கடைசி வியாழன். 1939-ல் அது 30-ஆம் தேதி விழுந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று கடைக்காரர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னால் தள்ளினார். ஏறக்குறைய பாதி மாநிலங்கள் ஏற்றன, மற்றவற்றில் பெரும்பாலானவை மறுத்தன. ஒரே நாட்டில் இரண்டு பண்டிகை! கடைசியில் 1941-ல் நாடாளுமன்றம் நான்காம் வியாழன் என்று சட்டமாக்கியது. 2026-ல் உங்கள் விற்பனை நாள் நவம்பர் 27.

இன்னொன்று, இது என் சொந்த அபிப்பிராயம். தமிழில் போஸ்டர் அடித்தால் 'கறுப்பு வெள்ளி' என்று மொழிபெயர்க்க வேண்டாம். வெள்ளிக்கிழமை நம் வீடுகளில் விளக்கேற்றும் நாள். முகூர்த்தப் புடவை எடுக்க வரும் பெரியவர்களுக்கு அதன் முன்னால் கறுப்பு என்ற சொல் உறுத்தும். 'பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி' என்றே போடுங்கள், எல்லோருக்கும் புரியும். அந்த வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியவருக்கு பிலடெல்ஃபியா போலீஸ் கதையைப் பதிலாக அனுப்பிவிடுங்கள்.