கேளுங்க, அக்கா சொல்றேன்: நாக்காலி உறையும் வெள்ளைக்கொடியும்

கேள்வி: கோவிட்டுக்காகப் போட்ட மைசெஜாத்ரா ஆப் இன்னும் போன்ல கெடக்கு, தூக்கிடலாமா?
– வாசகர், கோலசிலாங்கூர்

பதில்: 2022 மே 1லேருந்து கடைக்குள்ள நுழைய ஸ்கேன் பண்ண வேணாம்னு ஆயிருச்சு, ஆனா உங்க தடுப்பூசி பதிவு அதுக்குள்ளதான் இருக்கு. கெடந்துட்டுப் போகட்டும், சோறா கேக்குது?

கேள்வி: எங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு கெனோப்பி பந்தல், நாக்காலி வாடகைக்கு விடுறவரு. 2021ல தொழிலே இல்ல, நாக்காலிக்கு மாட்டுற வெள்ளை உறைய எடுத்து, உதவி வேணும்னு வெள்ளைக்கொடியா நான்தான் வாசல் கேட்டுல கட்டுனேன். "மானத்த வாங்கிட்டா"ன்னு மாமியார் இன்னிக்கும் சொல்லிக்காட்டுறாங்க. நான் செஞ்சது தப்பா அக்கா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தப்பே இல்லம்மா. 2020 மார்ச் 18ல கோவிட்டுக்காக பிகேபின்னு நடமாட்டக் கட்டுப்பாடு போட்டப்ப ரெண்டு வாரந்தானேன்னு இருந்தோம், வீட்டுக்கு ஒரு ஆளு, 10 கிலோமீட்டர் தாண்டக்கூடாதுன்னு சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுனோம், அது இழுத்து இழுத்து 2021 ஜூன் 1ல மறுபடி முழுசா அடைச்சாங்க, அதுக்குள்ள சீனர் கடையில கடன் எழுதுற 555 புக்குல எழுத எடமில்ல, மேல கடன் கேக்க வாயும் வரல. அந்த ஜூன் கடைசியிலதான் பேஸ்புக்ல வெள்ளைக்கொடி கெளம்புச்சு, சாப்பாட்டுக்கு வழியில்லன்னா வீட்டு வாசல்ல வெள்ளைத் துணி கட்டுங்க, பாக்குறவங்க உதவுவாங்கன்னு. வாய் தொறக்க வேணாம், துணி தொங்குனா போதும். அது தோத்தவன் அடையாளம்னு சில அரசியல்வாதிங்க பேசுனாங்கதான், அவங்க வீட்டு அரிசி ட்ரம்மு நெறைஞ்சிருந்திருக்கும்.

எங்க ரோட்டுல ஒரு வீட்டுல தலையணை உறை தொங்குச்சு. பத்து நிமிஷங்கூட ஆகல, எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா அரிசி, ஒரு தட்டு முட்டை, மைலோ எல்லாத்தையும் கேட்டுகிட்ட வச்சுட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு கத்துறாங்க, "கோழி நாளைக்குத் தரேன், இன்னிக்கு வெள்ளிக்கெழமை, நீங்க சாப்பிட மாட்டீங்க"ன்னு.

மாமியாரோட சண்டை போடாதீங்க. அவங்க தோட்டத்து லயத்துல வாழ்ந்தவங்க, அங்க பலகைச் சுவரு, பக்கத்து வீட்டுப் புள்ள பசியில அழுதா இங்க கேட்டுரும், ஒரு கிண்ணம் கொழம்பு தானா போயிரும். இப்ப தாமான் குடியிருப்புல செங்கச் சுவரு, கேட்டு, பூட்டு, ஒண்ணும் கேக்காது, அதான் துணி கட்ட வேண்டியதாப் போச்சு. இத அப்படியே அவங்ககிட்ட சொல்லிப் பாருங்க.

அந்த உறை இன்னும் இருக்கா? நல்லா வெளுத்து, அடுத்த கல்யாணத்துல மொத வரிசை நாக்காலிக்கு மாட்டி மாமியார உக்கார வைங்க.