வெந்தது எங்கே போகிறது?

அன்புள்ள அண்ணனுக்கு,

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கல்லூரியில் உயிர்வேதியியல் எடுக்க ஆசைப்படுகிறாள். புரதம் பாடத்தை வரி விடாமல் ஒப்பிக்கிறாள், 'அப்படின்னா என்னடி?' என்று கேட்டால் அழுகை வந்துவிடுகிறது. எளிய தமிழில் கைடு ஏதும் இருக்கிறதா? முட்டையை வேகவைத்தால் புரதம் அழிந்துவிடும் என்று அவள் நோட்டில் இருந்தது. அதனால் ஆறு மாதமாகக் காலையில் பச்சை முட்டைதான் கொடுக்கிறேன். சரிதானே? இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா?

மீனாள், புதுவயல்

அன்புள்ள மீனாள்,

வேலை பற்றிய கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். பதினேழு வயதுப் பெண்ணின் ஆசைக்குக் குறுக்கே அதைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

பச்சை முட்டையை நாளைக் காலையே நிறுத்துங்கள். ஆறு மாதம்! நோட்டில் கிடந்த ஒரு சொல்லை நம்பிப் பிள்ளையைப் பச்சை முட்டை குடிக்கவைத்திருக்கிறீர்களே, யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? வெந்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேர்கிறது. பச்சையில் பாதிதான். சால்மொனெல்லா கிருமி பயம் வேறு.

'அழிந்துவிடும்' என்ற அந்தச் சொல்லுக்காகப் போன வாரம்தான் ஓர் ஆசிரிய நண்பரோடு சண்டை போட்டேன். ஆறாத கோபத்தோடு இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

என் அப்பா கொத்தனார். கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் முட்டைப் பூச்சு வேலை செய்தவர். சுண்ணாம்பை நைசாக அரைத்து, வெள்ளைக்கருவைச் சேர்த்து, கடைசிப் பூச்சை இழுத்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். முட்டையை உடைத்து வெள்ளையையும் மஞ்சளையும் பிரிப்பது விடுமுறை நாட்களில் என் வேலை. மஞ்சள் கரு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒருநாள் நாற்பது முட்டையின் வெள்ளைக்கருவைத் தூக்கிக்கொண்டு போய்த் தவறான தொட்டியில் ஊற்றிவிட்டேன். சற்று முன்னால்தான் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டிருந்தார்கள். அது கொதித்துக்கொண்டிருந்தது. ஊற்றிய கணத்தில் எல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திரிதிரியாய்த் திரண்டு நின்றது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா ஒரு திரியை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். "வெந்துபோச்சுடா. இனி ஒட்டாது" என்றார். "முட்டை எங்கப்பா போச்சு?" என்று கேட்டேன். "எங்கயும் போகல. இந்தா இருக்கு. பழைய குணம்தான் போச்சு."

உங்கள் மகளின் நோட்டில் எழுதியிருக்க வேண்டியது இதுதான் மீனாள்.

புரதம் ஒரு சங்கிலி. அதன் கண்ணிகள் அமினோ அமிலங்கள். இருபது வகைதான், ஆனால் எந்த வரிசையிலும் கோக்கலாம். செல்லுக்குள் ரைபோசோம் என்ற சின்னஞ்சிறு உறுப்பு, மரபணுவின் செய்தியைச் சுமந்துவரும் செய்தி ஆர்.என்.ஏ.வை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து இந்தச் சங்கிலியைக் கோக்கிறது. வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின் என்ற ஒரே வகைப் புரதம். அதன் சங்கிலியில் 385 கண்ணிகள். சங்கிலி நீளவாக்கில் கிடப்பதில்லை. மடிந்து, சுருண்டு, தனக்கென்று ஒரு வடிவம் கொள்கிறது. இஷ்டத்துக்கு மடியவும் முடியாது. எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று 1963-இல் வரைபடம் போட்டுக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும். உலகம் முழுக்க அதை ராமச்சந்திரன் வரைபடம் என்றுதான் சொல்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சூடு பட்டால் அறுவது கண்ணிகளைக் கோக்கும் பிணைப்பு அல்ல. மடிப்பைப் பிடித்துவைத்திருக்கும் வலுவற்ற பிணைப்புகள்தான் விடுபடுகின்றன. உள்ளே ஒளிந்திருந்த, தண்ணீருக்கு ஆகாத பகுதிகள் வெளியே வந்து பக்கத்துச் சங்கிலிகளோடு ஒட்டிக்கொள்கின்றன. அந்தத் திரள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் கண்ணாடிபோல் இருந்தது வெள்ளையாகத் தெரிகிறது. 385 கண்ணிகளும் அப்படியே இருக்கின்றன. இதற்கு 'இயல்பிழத்தல்' என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. இழந்தது இயல்பை. அதை 'அழிதல்' என்று எழுதிக்கொடுத்தவர் ஒரு பாடத்தையே மூடிவிட்டார். நேற்றுக்கூட அந்த நண்பர் 'சின்ன விஷயம், விடுங்கள்' என்றார். சின்ன விஷயமா? அந்தச் சொல்லால் ஒரு பிள்ளை ஆறு மாதம் பச்சை முட்டை குடித்திருக்கிறது.

மடிப்பு அவிழ்ந்தது மறுபடி மடியுமா என்று அவள் கேட்பாள், கேட்க வேண்டும். மடியும். அமெரிக்க உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் மாட்டுக் கணையத்திலிருந்து கிடைத்த ரைபோநியூக்ளியேஸ் என்ற 124 கண்ணிப் புரதத்தை யூரியா, மெர்காப்டோஎத்தனால் என்ற இரண்டு வேதிப்பொருட்களைக் கொண்டு முழுக்க அவிழ்த்தார். அவற்றை நீக்கியதும் புரதம் தானே பழையபடி மடிந்து வேலை செய்யத் தொடங்கியது. வடிவத்துக்கான விதி வரிசைக்குள்ளேயே இருக்கிறது என்று காட்டியதற்காக 1972-இல் நோபல் பரிசு பெற்றார்.

அப்படியானால் வெந்த முட்டை ஏன் திரும்புவதில்லை? கண்டாங்கி நெய்கிற வீட்டில் நூலைப் பார்த்திருப்பீர்கள். தனி இழை அவிழ்ந்தால் சுற்றிவிடலாம். நூறு இழை ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால்? முட்டையில் நடப்பது அந்தச் சிக்கல். செல்லுக்குள்ளும் இந்த ஆபத்து உண்டு, அங்கே அவ்வளவு நெரிசல். அதனால் பிற புரதங்கள் சிக்காமல் மடியத் துணை நிற்பதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. சூட்டில் செல் தவிக்கும்போது அவற்றை அது கூடுதலாகச் செய்துகொள்கிறது. பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

அவிழ்ந்த சங்கிலியை வயிற்றிலும் குடலிலும் உள்ள நொதிகள் எளிதாக வெட்டும். பச்சை வெள்ளைக்கருவில் அந்த நொதிகளில் ஒன்றான டிரிப்சினைத் தடுக்கும் புரதம்கூட இருக்கிறது. வெட்டிக் கிடைத்த கண்ணிகளைக் கொண்டு உங்கள் மகளின் செல்கள் தங்களுக்கு வேண்டிய புரதங்களைப் புதிதாகக் கோத்துக்கொள்கின்றன. இடித்த வீட்டின் தேக்குத் தூணைக் காரைக்குடியில் வாங்கிவந்து புது வீட்டில் நிறுத்துகிறோமே, அதுபோல.

கைடு கேட்டிருந்தீர்கள். வேண்டாம், பள்ளிப் புத்தகம் போதும். நோட்டில் அந்த வரியை அவளே அடித்துவிட்டு, சூடு எதை அவிழ்த்தது, எதைத் தொடவில்லை என்று தன் வார்த்தையில் எழுதட்டும். அழுதால் அழட்டும், கூட உட்காருங்கள்.

அப்பா பூசிய வீடு ஒன்று இன்னும் நிற்கிறது. பள்ளி விடுமுறையில் அழைத்து வாருங்கள், கூட்டிப்போகிறேன். முகப்பைத் தாண்டி வளவுக்குள் நுழைந்ததும் இடதுகைச் சுவர். சித்திரை வெயிலிலும் கன்னத்தை வைத்தால் ஜில்லென்றிருக்கும்.