தோழிக்குப் பிடித்த ஆல்பம் எனக்குப் பிடிக்கவில்லை

கேள்வி: நானும் என் கல்லூரித் தோழியும் இப்போது வேறு வேறு ஊர்களில் வசிக்கிறோம். உலகம் கொண்டாடும் பழைய இசை ஆல்பங்களை வாரத்துக்கு ஒன்றாகக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைபேசியில் கருத்தைப் பகிர்ந்துகொள்வது என்று ஆறு மாதங்களுக்கு முன்பு தொடங்கினோம். ஒரு வாரம் அவள் தேர்வு, மறுவாரம் என் தேர்வு. அவள் ஒவ்வொன்றைப் பற்றியும் நிறையப் படித்துவிட்டு வருகிறாள். அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ எனக்கு ஹோட்டல் லிஃப்டில் ஒலிக்கும் இசையைப் போல இருக்கிறது என்றேன். “உனக்குக் காதே கிடையாதுடி” என்று சிரித்துவிட்டாள். என் முறை வந்தபோது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தைச் சொன்னேன். சமைத்துக்கொண்டே கேட்டதாகவும் நன்றாக இருந்ததாகவும் ஒரே வரியில் முடித்துவிட்டாள். அதிலிருந்து அவள் தேர்ந்தெடுத்த நான்கு ஆல்பங்களுமே எனக்குப் பிடித்திருப்பதாகச் சொல்லிவருகிறேன்; உண்மையில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. இதை நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.

பதில்: ஆல்பம் கேட்பதை நிறுத்த வேண்டாம். பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்வதை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமையே நிறுத்திவிடுங்கள். உங்கள் தோழி பல வாரங்களாகத் தன் பேச்சுக்குத் தன் எதிரொலியையே கேட்டுக்கொண்டிருக்கிறார். அது உங்கள் குரல் என்று வேறு நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் உங்களை ஏளனம் செய்தது தவறுதான். அதற்குப் பிறகு வருகிறேன். லிஃப்டை முதலில் பார்த்துவிடுவோம்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959இல் வெளிவந்தது. அதன் அடங்கிய தொனியையும் அவசரமில்லாத நடையையும் பிறகு வந்த எத்தனையோ பேர் எடுத்தாண்டு, நீர்க்கச் செய்து, கடைசியில் ஹோட்டல் வரவேற்பறை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். நகல்களை முதலில் கேட்டு வளர்ந்த காதுக்கு மூலமே நகலைப் போல ஒலிப்பதில் வியப்பில்லை. எனவே, நீங்கள் சொன்னது காதின் குறையாகாது. ஆனால், அந்த வாக்கியம் அந்த இசை உங்களுக்கு எந்த இடத்தை நினைவூட்டியது என்பதைச் சொல்கிறதே தவிர, அதற்குள் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதைச் சொல்லவில்லை. தோழியின் சிரிப்புக்கு அந்த வெற்றிடம்தான் இடம் கொடுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். ஆல்பம் முழுவதையும் விட்டுவிட்டு, ‘ஸோ வாட்’ என்னும் முதல் பாடலின் முதல் இரண்டு நிமிடங்களை மட்டும், விளக்கை அணைத்துவிட்டு, இயர்போனில் கேளுங்கள். பியானோவும் டபுள் பாஸும் (ஆளுயர வயலினைப் போன்ற, தாழ்ந்த சுரங்களை இசைக்கும் கருவி) அரை நிமிடம்போல மெதுவாகத் தடவிப் பார்த்துக்கொள்ளும். பிறகு, வழக்கமாகப் பின்னால் நிற்கும் பாஸ் முன்னே வந்து மெட்டைச் சொல்ல, மற்றவர்கள் இரண்டே தட்டில் அதற்குப் பதில் சொல்வார்கள். பாஸ் ஒரு வரி பாட, மற்றவர்கள் ‘ஆமாம்’ போடுகிற கட்டு அது. அந்தப் பகுதி நிற்பது நம் கர்நாடக இசையின் கரகரப்பிரியா ராகத்தின் ஏழு சுரங்களில்தான். சுரங்களை அசைத்து இசைக்கும் கமகம் இல்லாததால் ராகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், சுரவரிசை அதுவே. ஒரு நிமிடம் கடந்ததும், மெட்டையும் ஆதார சுரமான சட்ஜத்தையும் சேர்த்து அப்படியே அரைச்சுரம் மேலே தூக்கி வைத்துவிட்டு, எட்டுத் தாளவட்டங்கள் கழித்துப் பழைய இடத்துக்கே இறக்கிவிடுவார்கள். சுருதிப்பெட்டியை நிலையாக வைத்துக் கேட்டுப் பழகிய நமக்கு அந்த இடம் வயிற்றில் ஒரு சிறு குலுக்கலைத் தர வேண்டும். ஒன்றரை நிமிடத்தில் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பல் ஒரு தரம் ஓங்கி ஒலிக்க, அதன் அலை அடங்குவதற்குள் மைல்ஸின் ட்ரம்பெட் நுழையும். இவ்வளவும் கேட்ட பிறகும் லிஃப்ட்தான் நினைவுக்கு வருகிறது என்றால், தோழியிடம் தயங்காமல் அதையே சொல்லுங்கள். ஆனால், இந்த முறை, “ஒரு நிமிடத்தில் சுருதி ஏறுகிற இடம் பிடித்தது, அதற்குப் பிறகு ஒன்பது நிமிடம் வரை இழுப்பது பிடிக்கவில்லை” என்று இடம் சுட்டிச் சொல்வீர்கள். அப்படிச் சொல்பவரைப் பார்த்துக் காதே கிடையாது என்று யாராலும் சொல்ல முடியாது.

இடம் சுட்டிப் பேசுவதில் இன்னொரு பயனும் உண்டு. இருவரும் ஒன்றையேதான் கேட்டீர்களா என்பது தெரிந்துவிடும். இதே ஆல்பத்தின் இசைத்தட்டில் முதல் பக்கத்துக்கான ஒலிப்பதிவின்போது நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது; அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓடவிட்டபோது இசை வேகமாக ஒலித்ததால், அந்தப் பக்கத்தின் மூன்று பாடல்களையும் உலகம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொஞ்சம் கூடுதல் சுருதியில்தான் கேட்டது. 1990களில் வந்த மறுபதிப்புகளில்தான் அது சரிசெய்யப்பட்டது. இங்கிலாந்து இசைக்குழுவான பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்’ ஆல்பத்தை (1967) நீங்கள் ஒற்றைத் தட ஒலிப்பதிப்பான மோனோவிலும் அவர் இரட்டைத் தடப் பதிப்பான ஸ்டீரியோவிலும் கேட்டால், வீட்டைவிட்டு வெளியேறும் பெண்ணைப் பற்றிய பாடல் உங்களுக்கு வேகமாகவும் அவருக்கு மந்தமாகவும் ஒலிக்கும். அந்தப் பாடல் இழுவை என்று அவரும், இல்லை என்று நீங்களும் சண்டை போட்டால், இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். எனக்கே நேர்ந்த கதை ஒன்று உண்டு. கல்லூரி நாட்களில் நண்பன் அறுபது நிமிடக் கேசட்டில் ஓர் ஆல்பத்தைப் பதிந்து கொடுத்தான். இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிடமே இருந்ததால், கேசட்டில் மிஞ்சிய எட்டு நிமிடம் வீணாக வேண்டாமே என்று வேறு யாரோ பாடிய இரண்டு பாடல்களை ஒட்டிவிட்டான். அந்த ஆல்பத்தின் உச்சமே அந்த இரண்டு பாடல்கள்தான் என்று பல ஆண்டுகள் பலரிடம் வாதாடியிருக்கிறேன்.

உங்கள் தோழி முன்கூட்டிப் படித்துவிட்டு வருவதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஆர்வத்தின் அடையாளம். படிப்பதைக் கேட்டு முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மகத்தானது என்று நூறு பேர் எழுதியதைப் படித்துவிட்டு ஓர் ஆல்பத்தைத் திறப்பவருக்கு, அது மகத்தானதாக இல்லாமல் போக வழியே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் முதல் பத்து நிமிடம் கேட்டதை மட்டும் பேசுங்கள், படித்ததற்கு அடுத்த பத்து நிமிடம். அவர் திரட்டி வருகிற செய்திகள் உங்களுக்கும் பயன்படும். முதல் பத்து நிமிடத்தில் அவை நுழையாதிருந்தால் போதும்.

அடுத்து, உங்கள் தேர்வுக்கு நேர்ந்தது. உங்கள் கடிதத்தில் உண்மையான வருத்தம் இங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. ‘ஹவ் டு நேம் இட்’ 1986இல் வெளிவந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் (Bach) காணிக்கையாக்கப்பட்ட அந்த ஆல்பத்தைக் குக்கர் விசிலுக்கு நடுவே கேட்டுவிட்டு ‘நன்றாக இருந்தது’ என்பது, வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவதற்குச் சமம். ஆயினும், தோழிக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இளையராஜாவின் இசை சிறுவயதிலிருந்தே வீட்டிலும் பேருந்திலும் டீக்கடையிலும் காற்றோடு கலந்து வந்துகொண்டிருப்பதால், உட்கார்ந்து கேட்க வேண்டிய ஒன்றாக அது பலருக்குத் தோன்றுவதில்லை. வெளிநாட்டு ஆல்பத்துக்குக் கொடுக்கும் நாற்பது நிமிடத்தை நம்மவர்களுக்குக் கொடுக்க நமக்கே தோன்றாது. அதை ஆல்பமாக மறுபடி அனுப்பாதீர்கள். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற ஒரே ஒரு பாடலைத் தேர்ந்தெடுத்து, இருவரும் தொலைபேசியை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு, அவரவர் வீட்டில் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். தனி வயலினுக்காக பாக் எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டா என்னும் இசைத் தொகுப்பின் முன்னிசைதான் அதற்கு அடித்தளம். அந்த மூலத்தையும் தேடிக் கேட்டுவிட்டு வரும்படி தோழியிடம் சொல்லுங்கள். படிப்பில் ஆர்வமுள்ளவருக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் கிடையாது. பாக்கின் கட்டுக்குள் ராஜா எங்கே நுழைகிறார், எங்கே விலகி நடக்கிறார் என்று அவர் தேடத் தொடங்கிவிட்டால் அடுப்பு தானாக அணைந்துவிடும்.

அந்தச் சிரிப்பைப் பற்றி அவரிடம் பேசத்தான் வேண்டும். ஆனால், ஆல்பத்தைப் பற்றிப் பேசும் ஞாயிற்றுக்கிழமையில் வேண்டாம். அன்று பேசினால் அதுவும் ஓர் இசை விவாதமாகிவிடும். நடுவாரத்தில் வேறு எதற்காகவோ பேசும்போது, “காதே கிடையாது என்று நீ சொன்ன பிறகு நான் எதையும் உண்மையாகச் சொல்லவில்லை, அந்த நான்கு ஆல்பங்களும் எனக்குப் பிடிக்கவே இல்லை” என்று சொல்லிவிடுங்கள். எத்தனை ஆல்பங்கள் என்ற எண்ணிக்கையை மறக்காமல் சரியாகச் சொல்லுங்கள். கல்லூரிக் காலத்திலிருந்து பழகியவர் முதலில் கோபிப்பார், பிறகு எந்த நான்கு என்று கேட்பார். அவர் கேட்கும்போது பட்டியல் உங்கள் கையில் தயாராக இருக்கட்டும்.