டாப்வாட்டர் லூரை (நீர்ப்பரப்பில் மிதந்து ஆடும் போலி இரையை) பாஸ் மீன் வந்து அடிக்கிறது, ஆனால் முள்ளில் மாட்டுவதில்லையே, ஏன்?

பெரும்பாலும் நம் கை முந்திக்கொள்வதுதான் காரணம். தண்ணீர் படீரென்று சிதறியதும் ராடை, அதாவது தூண்டில் கம்பை, சுண்டிவிடுகிறோம். அந்த நொடியில் லூர் மீனின் வாய்க்குள் போய்ச் சேர்ந்திருக்காது.

லார்ஜ்மவுத் பாஸ் என்ற அகன்ற வாய் மீன் இரையைப் பெரும்பாலும் கடித்துப் பிடிப்பதில்லை, உறிஞ்சி விழுங்குகிறது. வாயைப் படக்கென்று அகலத் திறக்கும், தண்ணீர் உள்ளே பாயும், அதோடு இரையும் போகும். தூண்டில் நரம்பு விறைப்பாக இருந்தால் லூர் அந்தப் பாய்ச்சலோடு போக முடியாது. மீன் வாயை மூடும்போது உள்ளே வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

அதனால் மீனின் கனம் ராடில் தெரியும் வரை சுண்டாதீர்கள். 'இரண்டு எண்ணிவிட்டு இழு' என்று சிலர் சொல்வார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மீன் லூரோடு உடனே கீழே பாயும், இன்னொன்று முதல் தடவை வாலால் அடித்துவிட்டு, திரும்பி வந்துதான் எடுக்கும். எண்ணிக்கை இரண்டுக்கும் பொருந்தாது. லூர் கண்ணிலிருந்து மறையும், நரம்பு ஒரு பக்கமாக ஓடும், அப்புறம் கனம் ஏறும். அப்போது ராடைப் பக்கவாட்டில் அழுத்தி இழுத்தால் போதும். ட்ரெபிள் ஹூக்கின் (மூன்று முனை கொண்ட கொக்கியின்) முட்கள் மெல்லியவை, தானாக ஏறிவிடும்.

உள்ளே வெற்றிடமாக இருக்கும் ரப்பர் தவளைக்கு மட்டும் கணக்கு வேறு. அதன் இரண்டு தடித்த முட்களும் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். ரப்பர் நசுங்கினால்தான் வெளியே வரும். அங்கே ஒரு கணம் பொறுத்து, பிறகு தயங்காமல் ஓங்கி இழுக்க வேண்டும். விறைப்பான ராடும் தடித்த பிரெய்டு (பின்னல்) நரம்பும் இல்லாமல் இலைகளுக்கு நடுவே தவளையைப் போடாதீர்கள்.

நரம்பையும் பாருங்கள். ஃப்ளூரோகார்பன் வகை நரம்பு தண்ணீரில் அமிழும். சின்ன பாப்பரின் (தண்ணீரைத் தெறிக்கவைக்கும் லூரின்) மூக்கைக் கீழே இழுத்து அதன் ஆட்டத்தையே கெடுத்துவிடும். நைலான் கொஞ்சம் இழுபடும், அவசரக்காரக் கைக்கு அந்த இழுபடல் நல்லது. பிரெய்டு மிதக்கும், ஆனால் இழுபடாது. தொய்வாக விட்டால் முன் முள்ளில் சுற்றிக்கொள்ளவும் செய்யும். நான் பிரெய்டின் நுனியில் ஒரு முழ நீளம் தடித்த நைலான் கட்டிக்கொள்வேன். ஜாரா ஸ்பூக் மாதிரி இடமும் வலமுமாக நடக்கும் லூருக்கு ராடின் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, சின்னதாக ஒரு சுண்டல், உடனே தளர்வு, மறுபடி சுண்டல். அந்தத் தளர்வில்தான் லூர் திரும்புகிறது, மீனுக்கு உறிஞ்சவும் இடம் கிடைக்கிறது.

முள்ளின் கூர்மையையும் சோதியுங்கள். நுனியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக நகர்த்தினால் அது பற்றி நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கிவிட்டது, மாற்றிவிடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் ஒரே நிலையில் நிற்காது. மட்டம் ஏறினால் மீன் மூழ்கிய புதர்களுக்குள் வரும். இறங்கினால் கரையை விட்டு, தண்ணீருக்குள் நீளும் முனைகளுக்கும் பழைய ஆற்றுத்தடத்தின் விளிம்புக்கும் போய்விடும். போன வாரம் அடித்த இடத்தில் இன்று சத்தமே இல்லை என்றால், முதலில் நீர்மட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் சுமார் 16 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகுதான் இந்த ஆட்டம் சூடுபிடிக்கும். விடியல், அந்தி, மேகமூட்டம் மூன்றும் நல்ல நேரம்.

சரி, எல்லாம் செய்தும் மீன் தவறவிட்டால்? லூரை வெடுக்கென்று பிடுங்கி எடுக்காதீர்கள். அங்கேயே மிதக்கட்டும், வளையங்கள் அடங்கியதும் ஒரு சின்ன அசைவு கொடுங்கள். பல நேரம் அது திரும்பி வரும். பின்னாலேயே சுழன்று சுழன்று தொடாமல் போனால் சின்ன லூருக்கு மாறுங்கள், அல்லது பின் முள்ளில் இறகு கட்டியதைப் போடுங்கள். அதற்கும் வரவில்லையா, ஈயம் கட்டாத மென்மையான பிளாஸ்டிக் புழுவை அதே இடத்தில் வீசி மெல்ல அமிழ விடுங்கள். அந்த இரண்டாவது ராடை முதல் வீச்சுக்கு முன்பே கட்டித் தயாராகப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். மீன் தப்பிய பிறகு உட்கார்ந்து முடிச்சுப் போட்டால் அது அங்கே இருக்காது.