காது ஆபரேஷனுக்குப் பிறகு: கட்டு, திரி, பஞ்சு

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காதுக் கட்டைப் பற்றித்தான்.

அம்மாவுக்கு நேற்று செவிப்பறை ஓட்டையை அடைத்தார்கள். தலையைச் சுற்றிப் போட்ட கட்டு கண் மேல் இறங்குகிறது. தளர்த்தலாமா?

நீங்களாகத் தளர்த்த வேண்டாம். காதுக்குப் பின்னால் கீறிய இடத்தில் ரத்தம் கட்டாமல் அழுத்திப் பிடிப்பதுதான் அந்தக் கட்டின் வேலை, பெரும்பாலும் ஓரிரு நாளில் நாங்களே பிரித்துவிடுவோம். வார்டு நர்ஸிடம் சொன்னால் நெற்றிப் பக்கம் ஒரு நாடாவைக் கட்டுக்கு அடியில் விட்டு முடிந்து, மேலே தூக்கிவிடுவார். ஆனால் காது மடிந்து மாட்டிக்கொண்ட மாதிரி வலி ஏறிக்கொண்டே போனால் காத்திருக்காதீர்கள், உடனே காட்டுங்கள்.

கட்டு பிரித்தாகிவிட்டது. காதுக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு துணி நுனி எட்டிப் பார்க்கிறது, தலையணையிலும் மஞ்சள் கறை. சீழா?

அநேகமாக இல்லை. காதுக் குழாய்க்குள் மருந்தில் நனைத்த திரியை அடைத்திருப்பார்கள். பிஸ்மத், அயடோஃபார்ம் கலந்த பேஸ்ட் என்றால் அது பளிச்சென்ற மஞ்சள், ஆஸ்பத்திரி வாடையும் சேர்ந்து அடிக்கும். நுனியை இழுக்கவும் வேண்டாம், உள்ளே தள்ளவும் வேண்டாம். காதுக்கு மேலே இருக்கும் தசையின் உறையிலிருந்து மெல்லிய சவ்வை எடுத்துத்தான் ஓட்டையில் ஒட்டவைக்கிறோம், அது நகராமல் இருக்க உள்ளே இருக்கும் இந்த அடைப்புதான் ஆதாரம். திரியை ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் டாக்டர் எடுப்பார். சிலருக்குத் தானாகக் கரையும் ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்கள், அதை எடுக்கவே தேவையில்லை. நீங்கள் மாற்ற வேண்டியது வாசலில் இருக்கும் பஞ்சு மட்டும், அதுவும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு. முதல் சில நாள் அதில் லேசாக ரத்தம் கலந்த நீர் படிவது சகஜம். மாற்ற மாற்றப் புது ரத்தமாக நனைந்தாலோ நாற்றமடித்தாலோ அது வேறு கதை, அன்றைக்கே போங்கள்.

தலைக்கு எப்போது குளிப்பது?

கழுத்துக்குக் கீழே இன்றைக்கே குளிக்கலாம். தலைக்கு என்றால் தையல் பிரித்து (ஏழு முதல் பத்து நாள்), டாக்டர் சரி என்ற பிறகு. வெறும் பஞ்சு தண்ணீரை உறிஞ்சும், அதனால் பஞ்சில் வாஸலினை நன்றாகத் தடவி அடைத்துக்கொள்ளுங்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு பாட்டி வந்தால் காலில் விழுந்தாவது தடுத்துவிடுங்கள்.

ஒன்றுமே கேட்கவில்லை, உள்ளே படபடவென்று சத்தம் வேறு. ஆபரேஷன் தோல்வியா?

குழாயை அடைத்து வைத்திருக்கும்போது எப்படிக் கேட்கும்? பொறுங்கள். மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கண்ணை மூட முடியாவிட்டாலோ, வாந்தியோடு தலை சுற்றினாலோ, காய்ச்சல் அடித்தாலோ மட்டும் பொறுக்க வேண்டாம், ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

காது மடல் மரத்துப்போயிருக்கிறது. தோடு போடலாமா?

மரப்பு சில மாதம்கூட இருக்கும், மெல்லத்தான் சரியாகும். காயம் முழுதாக ஆறியதும் போடலாம். ஆனால் திருகாணியைக் கண்ணாடி பார்த்துத் திருகுங்கள், இறுக்கிக் கடித்தாலும் உங்களுக்குத் தெரியாது.