பணம் கேட்டுப் போனால் பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்களா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். வயது 57. மகள் போன வருஷம் இறந்துவிட்டாள். லாரி வேலை என்று ஜொகூர் பக்கம் போன மருமகன் போனை எடுப்பதே இல்லை. 5 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பேரன்கள் என்னிடம் இருக்கிறார்கள். சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவுகிறேன், போதவில்லை. சமூக நல இலாகாவில் உதவி கேட்கலாம் என்றால், "அவங்கதான் பிள்ளைங்கள ஹோமுக்குக் கொண்டுபோறவங்க, நீயே போய் மாட்டிக்காதே" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. போவதா, வேண்டாமா?

பதில்: போங்கள் அம்மா. இந்த வாரமே போங்கள்.

அக்கா சொன்னதில் பாதி சரி. மாதாமாதம் பணம் கொடுப்பதும், ஆபத்தில் இருக்கும் பிள்ளையை மீட்பதும் ஜேகேஎம் என்கிற சமூக நல இலாகாவின் வேலைதான். பயம் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் பிள்ளையை எப்போது எடுக்கலாம் என்பது 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அடி உதை, பாலியல் தொல்லை, கைவிட்டுப் போவது, இப்படி. சோறு, துணி, வீடு பற்றியும் ஒரு வரி உண்டு. அதில் 'புறக்கணித்தால்', 'கொடுக்க மனமில்லாவிட்டால்' என்றுதான் இருக்கிறது. கையில் காசில்லாவிட்டால் என்று இல்லை. அப்படி எடுத்தாலும் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்தியாக வேண்டும். ஆபீசர் நினைத்தபடி செய்துவிட முடியாது.

அப்பா எங்கே என்று கட்டாயம் கேட்பார்கள். 'அடிக்கடி வந்து போறாரு' என்று சமாளிக்காதீர்கள். போன் எடுக்காததை அப்படியே சொல்லுங்கள். பிள்ளைகள் யார் பொறுப்பில் இருக்கிறார்கள் என்பது கோப்பில் தெளிவாக ஏறினால் உங்களுக்குத்தான் பலம்.

இன்னொரு பாட்டிக்குத் துணையாக நான் போயிருக்கிறேன். வீட்டைப் பார்க்க ஆபீசர் வருகிறார் என்றதும், டிவியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டார். அலமாரி மேல் டிவி இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாகப் பளிச்சென்று தெரிந்தது. ஆபீசர் அதைப் பார்த்தார், பாட்டியைப் பார்த்தார், சிரித்துவிட்டு அரிசி டின்னைத் திறக்கச் சொன்னார். பழைய டிவிக்காக யாரும் விண்ணப்பப் பாரத்தைக் கிழிப்பதில்லை. பொய் சொன்னால்தான் வம்பு.

நீங்கள் கேட்க வேண்டியது 'பந்துவான் கானாக்-கானாக்', அதாவது பிள்ளைகளுக்கான மாத உதவிப் பணம். 2021-இல் 6 வயது வரை 200 வெள்ளி (ரிங்கிட்), 7 முதல் 18 வரை 150 வெள்ளி, ஒரு குடும்பத்துக்கு மாதம் 1,000 வெள்ளிக்கு மேல் இல்லை என்று வைத்தார்கள். இப்போதைய தொகையைக் கவுண்டரில் கேளுங்கள். உங்கள் ஐசி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், மகளின் இறப்புப் பத்திரம், பேங்க் புத்தகம், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல்.

அப்புறம், பலர் தவறவிடும் இடம் இது. ஜேகேஎம் மகளிர் அமைச்சின் கீழ். எஸ்டிஆர் என்கிற அரசாங்க ரொக்க உதவி நிதியமைச்சு. இ-காசே என்கிற ஏழைக் குடும்பங்களின் பதிவு பிரதமர் துறை. பள்ளி உணவுத் திட்டம் கல்வி அமைச்சு. ஓர் இடத்தில் சொன்னது மற்ற இடத்துக்குத் தானாகப் போய்விடும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். எஸ்டிஆர் தொகை பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மருமகன் தன் பாரத்தில் பையன்களின் பெயரைப் போட்டு வைத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். பெரியவனின் ஆசிரியரிடமும் நிலைமையைச் சொல்லி வையுங்கள்.

மகள் வேலை பார்த்தவளா? கடிதத்தில் எழுதவில்லை. சம்பளத்தில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) பிடித்திருந்தால், சந்தாக் கணக்கைப் பொறுத்துப் பிள்ளைகளுக்கு 21 வயது வரை வாரிசு ஓய்வூதியம் கிடைக்கலாம். அது தர்மப் பணம் அல்ல, அவள் உழைத்துக் கட்டியது. சம்பளச் சீட்டு ஒன்றாவது இருக்கிறதா, அவள் பையைத் தேடிப் பாருங்கள். மனசு கனக்கும், தெரியும். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தையும் சேர்த்து விசாரியுங்கள்.

சட்டப்படி பாதுகாவலர் ஆவதைப் பற்றி சட்ட உதவி இலாகாவான ஜபாத்தான் பந்துவான் குவாமானில் கேட்கலாம். அது மெதுவாக நடக்கட்டும், உதவிப் பணத்துக்கு அதற்காகக் காத்திருக்காமல் இப்போதே பாரம் போடுங்கள். எந்த ஆபீஸ் என்று குழப்பமாக இருந்தால் தாலியான் காசே உதவி எண் 15999-க்கு போன் அடியுங்கள்.

பாரம் கொடுத்ததும் தேதியையும், வாங்கிக்கொண்டவர் பெயரையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் கவுண்டரில் நிற்கும்போது சின்னவனைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே.