கம்பிக்குள் என்ன நடக்கிறது? கேள்வியும் பதிலும்

கேள்வி (உயர்தர மாணவி, உப்புவெளி): சேர், கம்பியில் இலத்திரன்கள் மிக மெதுவாகத்தான் நகரும் என்று படித்தோம். அப்படியென்றால் சுவிச்சைப் போட்டவுடன் பல்ப் எப்படி எரிகிறது?

பதில்: தங்கச்சி, அந்த மெதுவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். 1 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியில் 1 அம்பியர் ஓடினால், இலத்திரன்கள் செக்கனுக்கு 0.07 மில்லிமீற்றர்தான் நகரும். ஒரு மீற்றர் போக கிட்டத்தட்ட 4 மணித்தியாலம் பிடிக்கும். வீட்டுக் கரண்டில் அந்தப் பயணமும் இல்லை. செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு அதே இடத்தில்தான் நிற்கும்.

கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிறு மெதுவாகத்தான் கரைக்கு வரும். ஆனால் கரையில் ஒரு இழுப்பு விழுந்தால் கடலில் கிடக்கும் வலை அதை உடனே உணரும். கம்பியும் அப்படித்தான். அதில் இலத்திரன் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. சுவிச் போட்டதும், இலத்திரன்களைத் தள்ளும் மின்புலம் ஒளியின் வேகத்துக்குக் கிட்டிய வேகத்தில் பரவி, பல்புக்குள் இருக்கும் இலத்திரன்களையே அசைக்கிறது.

கேள்வி (மீன்பிடித் தொழிலாளி, மூதூர்): அண்ணை, வள்ளத்தில் 12 வோல்ற் பற்றரி புதிசு. ஆனால் முன்னுக்குப் பூட்டின 60 வாற் லைற் மங்கலாய்த்தான் எரியுது.

பதில்: வயரைப் பாருங்கள் தம்பி. 60 வாற்றுக்கு 12 வோல்ற்றில் 5 அம்பியர் வேண்டும். பற்றரியிலிருந்து லைற் 8 மீற்றர் தள்ளி இருந்தால் போக 8, வர 8, மொத்தம் 16 மீற்றர். 1 சதுர மில்லிமீற்றர் வயரென்றால் அதன் தடை 0.27 ஓம் வரும். வழியிலேயே 1.3 வோல்ற்றுக்கு மேல் தின்றுவிடும். 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் அந்த இழப்பு நாலில் ஒன்றாகும். வீட்டில் 230 வோல்ற்றில் இதே வாற்றுக்குக் கால் அம்பியர்தான் ஓடும். அதனால் மெல்லிய வயரிலும் குறை தெரியாது. கடலுக்கு வெள்ளீயம் பூசிய செப்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கேள்வி (இல்லத்தரசி, நிலாவெளி): கேத்தல் பூட்டுற பிளக் பொயின்ற் சூடாகுது. கேத்தலில் பிழையா?

பதில்: பெரும்பாலும் பிழை இணைப்பில்தான் இருக்கும், அக்கா. கடற்காற்றின் உப்பும் ஈரமும் செப்பைப் பச்சை பிடிக்க வைக்கும், திருகாணி தளரும். 2000 வாற் கேத்தல் கிட்டத்தட்ட 8.7 அம்பியர் இழுக்கும். இணைப்பில் 0.1 ஓம் கூடினாலே ஏழரை வாற் வெப்பம், பட்டாணியளவு இடத்தில்! கடலோர வீடொன்றில் நான் கழற்றிய பொயின்றில் பிளாஸ்ரிக் பழுப்பேறி உருகியிருந்தது. அதிலிருந்து வந்த வாடையை வீட்டுக்காரர் பல நாளாகக் கருவாட்டு வாடை என்றே நினைத்திருந்தார். அப்படி வாடை வந்தால் உடனே மெயினை நிறுத்துங்கள். செப்பையும் அலுமினியத்தையும் ஒன்றாக முறுக்கி ரேப் சுற்றியிருந்தாலும் இதே கதிதான். உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கும்.

கேள்வி: காகம் கம்பியில் இருந்தும் ஏன் சாவதில்லை?

பதில்: இரண்டு காலும் ஒரே கம்பியில். இடையில் மின்னழுத்த (வோல்ற்) வித்தியாசம் இல்லாதபடியால் உடம்பு வழியே குறிப்பிடும்படி எதுவும் ஓடாது.

கேள்வி (கிண்ணியா): போன கரண்டெல்லாம் திரும்பி வருமென்றால், மீற்றர் எதற்குக் காசு கேட்கிறது?

பதில்: போகிற அளவே திரும்பி வருகிறது என்பது முழுக்கச் சரி. மீற்றர் எண்ணுவது நீங்கள் எடுத்துக்கொண்ட சக்தியை, இலத்திரன்களை அல்ல. அந்தப் போக்குவரவை ஒப்பிட்டுப் பார்ப்பது ட்ரிப் சுவிச்தான். போனதில் ஒரு சிறு பங்கு உங்கள் ஈரக்கை வழியே நிலத்துக்கு ஒழுகினால், வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டும்போது அது விழுந்துவிடும். மாதம் ஒருதரம் அதிலுள்ள ரெஸ்ற் பொத்தானை அமத்திப் பாருங்கள். விழாவிட்டால் மாற்றுங்கள்.